ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. உன் காரை நான் மூன்று தடவை கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டினேனாம். மூன்றும் உன் ஊரில், பாலத்துக்குக் கீழே இறங்கும் சரிவில், கேமராவில் விழுந்தவை. நான் உன் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்தே வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டியை ஓட்டியது யார் என்று வண்டியின் சொந்தக்காரனிடம், அதாவது உன்னிடம், எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நீ என் பெயரை எழுதி, என் லைசென்ஸ் நம்பரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒரு தடவை என்றால் புத்தி பிசகிவிட்டது என்று விட்டுவிடலாம். மூன்று தடவை செய்திருக்கிறாய்.

நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. "இன்ஷூரன்ஸ்ல உன் பேரையும் சேர்க்கறேன்க்கா, நீ வரும்போது ஓட்டலாம், லைசென்ஸை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று கேட்டாயே. தம்பிக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று அன்றைக்கு இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு லைசென்ஸ் என்பது சட்டைப்பையில் கிடக்கும் அட்டை இல்லை. நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். நோட்டீஸைப் பார்த்ததும் எங்கள் மேனேஜரம்மா என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "விசாரணை முடியற வரைக்கும் வண்டியில ஏறாதீங்கம்மா, எனக்கும் மேல கேக்கறாங்க" என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை. இப்போது டெலிபோன் மேஜையில் உட்கார்ந்து, வேறு ஆள் ஓட்டும் வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "நீங்க ஓட்டலைன்னா, அதைக் காட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அந்த மூன்று நேரத்திலும் நான் ஆம்புலன்ஸில் டூட்டியில் இருந்தேன், எந்த நேரம் எந்த வண்டியை யார் ஓட்டினார்கள் என்று எழுதிவைக்கும் டிரிப் ஷீட் ஆபீசில் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "பொய்யா பேர் எழுதிக் கொடுத்தவர்மேல போலீஸ் கேஸ் போகும். தானா வந்து சொன்னா அது ஒரு மாதிரி. நாங்களா கண்டுபிடிச்சா அது வேற மாதிரி" என்றார். எடுத்த வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 12 எனக்கு விசாரணை. அதற்கு முன்னால் நீ வந்து "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

---

ஜூன் 10

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீ குறிப்பிடும் நாட்களில், நீ குறிப்பிடும் வாகனத்தை ஓட்டியவர் யார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இப்படி ஆரம்பிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத்தில் கொடுத்தால் இப்படித்தான் கொடுக்க வேண்டும், போனில் பேசவே கூடாது, பேச்சைப் பதிவு செய்துவிடுவார்கள் என்று சட்டப்புலி சொல்லியிருக்கிறார். அதனால்தான் உன் போனைப் பாதியில் வைத்தேன். வேறு காரணம் இல்லை.

சட்டப்புலி யார் என்று கேட்பாய். யூடியூபில் வருகிறார். கறுப்புக் கோட்டு, பின்னால் சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். போக்குவரத்து அபராதம் எதையும் கட்டாமல் தப்பிப்பது எப்படி என்று வாரா வாரம் பேசுவார். லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், எல்லாரும் முட்டாள்களா? கேமராவுக்கு நம்பர் பிளேட்தான் தெரியும், முகம் தெரியாது, ஓட்டியவர் யார் என்று கேட்டால் வேறு ஊரில் இருக்கும், இதுவரை எந்தத் தப்பும் பதிவாகாத குடும்பத்து ஆளின் பெயரை எழுதுங்கள் என்கிறார். ஊர் விட்டு ஊர் கடிதம் எழுதிச் சலித்துப்போய் அவர்களே கோப்பை மூடிவிடுவார்களாம். இது பொய் இல்லை, சட்டம் தரும் சந்தேகத்தின் பலன் என்று விளக்கமாகச் சொன்னார். உனக்கு நோட்டீஸ் வரும் வரை போகும் என்று அவர் சொல்லவே இல்லை.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவருடைய மாதிரிக் கடிதம் ஒன்றை உன் பெயருக்கு மாற்றி இதோடு வைத்திருக்கிறேன். யார் ஓட்டினார்கள் என்று உனக்கு நினைவில்லை, பதில் சொல்ல நீ கட்டுப்பட்டவள் இல்லை என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் விசாரணையே நடக்காது என்கிறார். நீயும் தப்பித்தாய், யாரும் மாட்ட மாட்டார்கள். டிரிப் ஷீட்டை மட்டும் வெளியே எடுக்காதே அக்கா.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியும் ஒப்புதல் ஆகாதா என்று நீ கிண்டல் செய்வாய். நிஜமாகத்தான் கேட்கிறேன்.

தம்பி

---

ஜூன் 19

தம்பி,

மதிப்பிற்குரிய அக்காவாம். என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினவன் நீ. அப்போது இல்லாத மதிப்பு இப்போது எங்கிருந்து வந்தது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் போனேன். போடவில்லை. உன் மாதிரிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரிப் ஷீட்டைக் கொடுத்தால் நீ போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பாய். கொடுக்காவிட்டால் என் பிழைப்பில் மண். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சந்து இருக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதில் இருப்பது பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். புத்தி கெட்டவள் நான்.

நேற்று அதிகாரி கூப்பிட்டனுப்பினார். என் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உங்ககிட்ட லாரி இருக்காம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எனது லாரியை ஓட்டியவர் யார் என்பது நினைவில்லைன்னு எழுதியிருக்கீங்களே" என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தக் கடிதத்தை முதலில் எவனோ லாரிக்காரனுக்காக எழுதியிருக்கிறான் உன் புலி. பெயரை மாற்றத் தெரிந்த உனக்கு லாரியை மாற்றத் தோன்றவில்லை. நானும்தான் பார்த்தேன். சட்டத்தில் எல்லா வண்டிக்கும் லாரி என்றுதான் பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அதட்டியிருந்தால்கூடத் தேவலை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். எல்லாம் அதே கடிதம். "ஸ்கூட்டர்காரர் அனுப்பறாரு, டாக்டர் அனுப்பறாரு, எல்லார்கிட்டயும் லாரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருந்தார். அந்தச் சிரிக்காத முகத்துக்கு முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாள் நான் ஒரு தப்பும் செய்யாதவளாக அவர் முன்னால் நின்றேன். இனி அப்படி நிற்க முடியாது.

இங்கே வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு தையல்காரர் இருக்கிறார். உடம்பில் சதையே இல்லை, ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் எலும்பில் இடிக்கும். "ஐயா, பள்ளம் வருது" என்று நான் முன்னாலேயே குரல் கொடுப்பேன், அவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். புது டிரைவருக்கு அது தெரியவில்லை. நேற்று டெலிபோனில் வந்தார். "ஏம்மா, வண்டியை விட்டுட்டு நாற்காலியில உக்காந்துட்ட, பெரிய ஆபீசர் ஆயிட்டியா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். வேறு என்ன சொல்வது?

வந்துவிடு. நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

அக்கா

---

ஜூன் 27

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவில்லை எல்லாம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

லாரி விஷயத்தைப் படித்ததும் சட்டப்புலிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். என் அக்காவின் வேலையே போகப்போகிறது, அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது. "எங்கள் வீடியோக்கள் பொதுத் தகவலுக்கு மட்டுமே, தங்கள் பகுதி வழக்கறிஞரை அணுகவும்." அவரே எழுதினாரா, மிஷின் எழுதியதா என்றுகூடத் தெரியவில்லை. மறுபடி எழுதினேன். அதே வரி மறுபடி வந்தது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது, அதனால் நானே சொல்கிறேன். என் லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு தப்பு பதிவாகியிருந்தது. இன்னொன்று விழுந்தால் நிறுத்திவிடுவார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகிறவன், கேஸ் சிலிண்டரையும் கம்ப்ரஸரையும் தோளில் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஒரு வீட்டில் லேட்டானால் அடுத்த வீட்டில் திட்டு. அந்தச் சரிவில் பிரேக்கில் கால் வைக்கவே தோன்றாது. முதல் தடவை உன் பெயரை எழுத ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை அப்படி உட்காரவில்லை. மூன்றாவது தடவை சாப்பிட்டுக்கொண்டே எழுதினேன்.

உனக்கு நிரந்தர வேலை, சங்கம் இருக்கிறது, உன்னை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது பொய். நான் ஒன்றும் நினைக்கவே இல்லை, அதுதான் நிஜம்.

ஆனால் என்னால் வர முடியாது அக்கா. போலீஸ் கேஸ் என்றால் எனக்கு வேலை தரும் கம்பெனி அன்றைக்கே என்னை வேலையைவிட்டு எடுத்துவிடும். வீட்டில் இவளுக்கு மாசம் ஏழு. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். உன்னிடம்தான் இதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரிகிறது.

தம்பி

---

ஜூலை 3

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவளுக்கு ஏழு மாசம் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். நல்ல செய்தியை இப்படி ஒரு காகிதத்தின் அடியிலா எழுதுவாய்? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். டிரிப் ஷீட்டைக் கொடுக்கப்போவதில்லை. மேனேஜரம்மா இரண்டு தடவை அதை எடுத்து என் மேஜையிலேயே வைத்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா, இதுல என்ன யோசனை?" என்றார். நான் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டேன். அவருக்கு என்மேல் கோபம். உன்மேலும்தான், உன்னைப் பார்க்காமலேயே.

உன்மேல் உள்ள பாசத்தில் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாசம் இப்போது எந்த மூலையில் இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பிறக்கப்போகிற குழந்தை அப்பனை ஸ்டேஷனில் போய்ப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்கிறேன். விசாரணையில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். நான் ஓட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், நீ ஓட்டினாய் என்று காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். அவர்கள் எடுப்பதை எடுத்துக்கொள்ளட்டும். இந்த வயதுக்கு மேல் யார் எனக்குப் புது வேலை தருவார்கள் என்று தெரியவில்லை. எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள், நானும் பிழைப்பேன்.

நீ ஒன்று செய். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அந்தப் படிவத்தில் என் பெயர் எழுதியிருந்தது கண்ணில் வருகிறது. என் பெயரை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய் தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போகும் முன்பே நான்தான் உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தேன்.

அக்கா

---

ஜூலை 10

அக்கா,

எழுதாதே என்றாய். இது தபாலில் வரவில்லை, உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீ டூட்டியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். நேரில் பார்க்க முகம் இல்லை.

உன் கடைசிக் கடிதத்தை நான் மறைத்து வைத்திருந்தேன். இவள் எடுத்துப் படித்துவிட்டாள். சண்டை போடவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "அடுத்த தடவை என் பேரை எழுதுவீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேன்.

இன்று காலையில் உன் அதிகாரியைப் பார்த்தேன். மூன்று தடவையும் ஓட்டியது நான்தான், அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர், "நீங்க ஓட்டினதா எழுதினா, அவங்க அந்த வண்டிப் பக்கமே இல்லைன்னு ஆகும், நினைவில்லைன்னு அவங்க போட்ட கடிதம் பொய்யாயிடும். அதுக்கு அவங்களுக்குத் தனியா தண்டனை உண்டு, தெரியுமில்ல?" என்றார். உன்னைக் காப்பாற்ற வந்து உன்னையே மாட்டிவிடுகிறேனே என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு வரி சேர்த்து எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான், அக்கா அதைப் படிக்காமலே, என்மேல் உள்ள நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டார் என்று. அவர் படித்துப் பார்த்தார். "அவங்க இதையே சொன்னா பிரச்னை இல்லை" என்றார். நல்ல மனுஷன்.

நாளை மறுநாள் உன்னிடம் கேட்பார். ஆமாம் என்று மட்டும் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. சாவி உன் கைக்கு வந்துவிடும். என்மேல் கேஸ் வரும், லைசென்ஸும் போகும், வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஆமாம் என்று சொல்லிவிடு, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

---

ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

கதவைத் திறந்ததும் காலில் தட்டுப்பட்டது உன் கடிதம். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவன் வீட்டுக்குள் வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க தம்பி ஜாடையில ஒருத்தர் வாசல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு" என்றாள். கேட்டதும் அழுதுவிட்டேன். நீ அலுவலகத்தில் போய் நின்றதை நினைத்து அழவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்ததை நினைத்துத்தான்.

நேற்று விசாரணை நடந்தது. சின்ன அறை, மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நீ எழுதிக் கொடுத்ததை அவர் முழுக்கப் படித்தார். வேகமாக ஓட்டிய மூன்றும் என் பெயரிலிருந்து அங்கேயே அடிக்கப்பட்டுவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. நீ தானாக வந்து சொன்னதால் உன்மேல் போகும் கேஸ் கடுமையாக இருக்காது என்றும் சொன்னார். அதையும் தெரிந்துகொள்.

பிறகு அந்தக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதை நீங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்கன்னு தம்பி எழுதியிருக்காரு. ஆமாவா?" என்று கேட்டார். எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். ஆமாம் என்றுதான் நான் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் ஆசை. வெளியே பெஞ்சில் மேனேஜரம்மா வண்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று எடுத்துவந்திருந்தார்.

"படிச்சேன் சார். ரெண்டு தடவை படிச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

"பொய்யின்னு தெரிஞ்சுதான் சார் போட்டேன்" என்றேன்.

பொய்க் கடிதம் கொடுத்ததற்காக ஆறு மாதம் என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேனேஜரம்மா பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் வந்த பிறகு, "டெலிபோன் மேஜை இருக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பேசிக்கலாம்" என்றார். ஆறு மாதம் கழித்து என்ன சொல்வாரோ தெரியாது. இன்று காலையில் தையல்காரர் போன் செய்தபோது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் ஐயா என்றேன். புது டிரைவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்று படம் போட்டுக் காட்டினேன். மனசு ஆறவில்லை. என் வண்டியை இன்னொருவர் வாசலில் திருப்பும் சத்தம் கேட்டால் இன்னும் வயிறு எரிகிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நீ கெஞ்சிக் கேட்டும் ஏன் இப்படிச் செய்தேன் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். நான் நல்லவள் என்று காட்டுவதற்காக இல்லை. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் சாவி நேற்றே என் கைக்கு வந்திருக்கும். அதன் பிறகு உன்னை எந்த வாயால் திட்டுவது? எனக்கு உன்னைத் திட்ட வேண்டும். இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா